ஜான்சியின் சத்தமும் என் ஹெட்ஃபோனும்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து மூன்றாண்டு நிறைந்த வாரத்தில் தம்பியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. இட்லிப் பொடி, சுக்குப் பொடி, மகள் நிவிக்கு ஒரு பாவாடை, எல்லாவற்றுக்கும் அடியில் துண்டில் சுற்றிய ஒரு சி.டி. 'கன்னிவாடி கோயில் திருவிழா, ஜான்சி அக்கா கச்சேரி' என்று தம்பி அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தான்.

லீட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மில் ஊரில் இருக்கிறோம். நான் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் அமல் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். அன்று இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்திருந்தது, அதுவே இங்கே ஒரு பண்டிகை. கேக் வெட்டிவிட்டு சி.டி.யைப் போட்டோம்.

மேடையின் நடுவில் ஜான்சி. கடுகு நிறப் பட்டுச்சேலை, தோளில் குறுக்கே வார், இடுப்புக் கொசுவத்துக்கு மேலே சிவப்பு எலக்ட்ரிக் கிடார். அவளுக்குப் பின்னால் அவள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். முதல் பாட்டின் இடையிசையை அவள் இழுத்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கூட்டம் அந்த ஒரு இழுப்புக்கே கை தட்டியது.

"நம்ம ஜான்சியா இது? பிரமாதமா வாசிக்குதே" என்றார் அமல்.

"சுருதி கொஞ்சம் கீழ இருக்கு" என்றேன்.

சுருதி சரியாகத்தான் இருந்தது. அமல் என்னைப் பார்த்துவிட்டுக் கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

2

கிடாரில் கம்பிகளைச் சேர்த்து அழுத்தி முதல் கார்டு பிடிக்க ஜான்சிக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். குழுவுக்கு இருந்தது ஒரே கிடார். அதை முதலில் கையில் எடுத்தவள் நான். என்னைப் பார்த்து ஜான்சி எடுத்தாள். என் அப்பா பள்ளி ஆசிரியர், அவள் அப்பாவுக்குத் தாடிக்கொம்புப் பக்கம் மல்லிகைத் தோட்டம். அவள் விரல்கள் பூப்பறித்துப் பழகியவை, வேகமாகப் போகும், ஆனால் அழுத்தம் இருக்காது. என் விரல்களுக்கு இரண்டும் இருந்தன.

பேகம்பூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த பாய் ஒருவர் ஒரு பழைய எலக்ட்ரிக் கிடாரை எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். அவருடைய குடோன் முன்பு தோல் மண்டியாக இருந்த இடம், மழைக்காலத்தில் சுவரிலிருந்து இன்னும் அந்த வாடை எழும். ஞாயிறு பூசை முடிந்து இருவரும் அங்கே போவோம். முதல் தடவை பெட்டியில் சொருகிக் கம்பியைத் தட்டியபோது ஜான்சி பயந்து பின்னால் குதித்தாள். நான் கிடாரை விடவில்லை. அந்த அதிர்வு வயிற்றுக்குள் இறங்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது.

பாய் ஒருநாள் சொன்னார்: "ஏம்மா ரெஜினா, நீ வாசிச்சா பெட்டி பேசுது. அந்தப் புள்ள வாசிச்சா பெட்டி கத்துது."

ஜான்சியும் பக்கத்தில்தான் நின்றாள். சிரித்துக்கொண்டே, "கத்தினாத்தான பாய் கூட்டத்துக்குக் கேக்கும்" என்றாள்.

பிறகு எனக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. விடுதியில் கிடாருக்கு இடமில்லை. ஜான்சி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டே, பாய் அப்போது நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் கிடார்க்காரர் வராத நாட்களில் போய் வாசித்தாள். வராதவர் கடைசியில் வராமலே போனார். 'கிடார் வாசிக்கிற பொண்ணு' என்று திருவிழா நோட்டீசில் அவள் பெயர் தனியாக வர ஆரம்பித்தது. மேடை ஏறுகிற பெண் என்று வரன்கள் தட்டிப் போயின. முப்பதை நெருங்கும்போது, அதே குழுவில் கீபோர்டு வாசித்த பிரிட்டோ அவளைக் கட்டிக்கொண்டார். அதற்குள் நாங்கள் இங்கிலாந்துக்கு வந்துவிட்டிருந்தோம், அந்தக் கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. விசா நீட்டிப்புக்காக எங்கள் பாஸ்போர்ட்டுகள் அலுவலகத்தில் மாதக்கணக்காகக் கிடந்தன. போன் செய்தால், உங்கள் விண்ணப்பம் வரிசையில் இருக்கிறது என்ற பதிவு செய்த குரல், பிறகு ஒரு பியானோ இசை. என் தோழி மணப்பெண் சேலையோடு மேடையேறி வாசித்த நாளில் நான் அந்தப் பியானோவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

3

சி.டி. பார்த்த அடுத்த சம்பளத்தில் ஒரு கறுப்பு எலக்ட்ரிக் கிடாரும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். அமல் ஏன் என்று கேட்கவில்லை. மனைவி மூன்று வருடத்தில் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அது.

எங்கள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. இந்தப் பக்கம் நாம் தும்மினால் அந்தப் பக்கத்து வீட்டில் வாழ்த்துச் சொல்லலாம், சுவர் அவ்வளவு மெல்லியது. பக்கத்து வீட்டில் டெரக் என்ற ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் தனியாக இருந்தார். ஒரு வாரம் வாசித்த பிறகு, மரியாதைக்கு அவரிடம் போய், உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"யூ ஆர் ஆல்ரைட், லவ்" என்று சிரித்தார். இங்கே 'லவ்' என்பது நம் ஊர் 'அம்மா' மாதிரி.

நல்லது, சம்மதித்துவிட்டார் என்று நினைத்து மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். பத்து நாளில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஒலித் தொல்லை குறித்துப் புகார் வந்துள்ளது, தொடர்ந்தால் கருவியைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு என்று இரண்டு பக்கத்துக்கு. ஆஸ்பத்திரியில் என்னுடன் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தப் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்குச் சரி என்றும் பொருள், போதும் என்றும் பொருள், சண்டைக்கு வரவில்லை விட்டுவிடு என்றும் பொருளாம். டெரக் அதற்குப் பிறகும் என்னைப் பார்த்தால் அதே சிரிப்போடு குப்பைத் தொட்டியை எனக்கும் சேர்த்து உருட்டிப் போய் வைப்பார்.

சத்தமில்லாமல் வாசிக்க வழி தேட வேண்டியதாயிற்று. நகரத்து இசைக்கடைக்குப் போய், சத்தம் வராத கிடார் செட் வேண்டும் என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர், "உடைந்தவை பின்னால் இருக்கின்றன, விலையும் குறைவு" என்றார். அது கிண்டல் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. புரிந்ததும் அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினார்.

எலக்ட்ரிக் கிடாரை எதிலும் சொருகாமலே வாசிக்கலாம். ஆனால் அது சீப்பின் பல்லைத் தட்டுவது போல இருக்கும், ஒரு சுரமும் நிற்காது. என் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் ஹெட்ஃபோன் மாட்ட ஒரு துளை இருந்தது. அதில் வந்த சத்தம் தகர டப்பாவுக்குள் மாட்டிய கொசு. தீப்பெட்டி அளவில் ஒன்று இருந்தது, கிடாரிலேயே நேரடியாகக் குத்திக்கொள்ளலாம், பாட்டரியில் ஓடும். அதை ஒரு வாரம் இரவலாகக் கொண்டுவந்து சமையலறையில் நின்றுகொண்டுகூட வாசித்தேன். வசதிதான், ஆனால் எதை வாசித்தாலும் ஒரே குரல். நிவியின் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தேன். அதில் கம்பியைத் தட்டினால் சத்தம் ஒரு கணம் தாமதித்து வந்தது. போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசும்போது அம்மாவின் குரல் பின்தங்கி வருமே, அதேபோல. அந்தத் தாமதத்தை வாரம் ஒருமுறை தாங்குவதே பெரும்பாடு.

கடைசியில் எடுத்தது தரையில் வைக்கும் எஃபெக்ட்ஸ் பெட்டி. ஹெட்ஃபோனுக்கு ஒரு வழி, சி.டி. பிளேயரை இணைத்து அதோடு சேர்ந்து வாசிக்க இன்னொரு வழி. பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் குரலையெல்லாம் அது எடுத்துக்காட்டும். சின்ன அறை, மண்டபம், மைதானம் என்று இடத்தைக்கூடத் தேர்ந்தெடுக்கலாம். நான் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஹெட்ஃபோனில்தான் வெகுநேரம் யோசித்தேன். காதை முழுசாக மூடுவது சத்தத்தை வெளியே விடாது. மூடாதது கொஞ்சம் கசியும், ஆனால் வீட்டில் நடப்பது கேட்கும். நிவிக்கு அப்போது எட்டு வயது, கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று மூடாததை வாங்கினேன். முதல் சில வாரம் "மம்மி, மம்மி" என்று கூப்பிட்டாள். நான் ஒரு கையைத் தூக்கி 'இரு' என்று சைகை காட்டுவேன். பிறகு கூப்பிடுவது நின்றது. பள்ளியில் நடந்ததை எல்லாம் அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். எல்லாம் எனக்குக் கேட்டது.

நான் தினமும் வாசித்தது ஜான்சியின் சி.டி.யோடு. அதை இணைத்து அவள் சத்தத்தைக் குறைத்து என் சத்தத்தைக் கூட்டுவேன். அவள் எங்கே மூச்சு விடுகிறாள், எங்கே இழுக்கிறாள் என்று எனக்கு மனப்பாடம். அவள் மூன்று சுரம் போடும் இடத்தில் நான் பத்துப் போட்டேன். இரண்டு வருடத்தில், என் காதுக்குள் இருந்த மைதானத்தில், நான் அவளைத் தாண்டியிருந்தேன்.

4

ஊருக்குப் போனபோது பெட்டியையும் ஹெட்ஃபோனையும் துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனேன். எதற்கு என்று அமல் கேட்டார். பழக்கம் விடக்கூடாது என்றேன். ஜான்சிக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் காரணம்.

அவள் நிலக்கோட்டை ரோட்டில் மாமியார் வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலுக்கே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "என்னடி ரெஜி, வெள்ளக்காரி மாதிரி வெளுத்துட்ட. சாப்டியா? வெஞ்சனம் எல்லாம் ரெடியா இருக்கு, வா."

சாப்பிடும்போது நான் வாசிப்பதைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நெசமாவா? ஞாயித்துக்கிழமை ஒட்டன்சத்திரத்துல கச்சேரி. காய்கறி மார்க்கெட் ஆளுக ஆண்டு விழா. ரெண்டு பேரும் வாசிப்போம்டி."

"ஒத்திகை வேணாமா?" என்று பிரிட்டோ கேட்டார்.

"அவளுக்கு என்ன ஒத்திகை? எனக்குச் சொல்லிக் கொடுத்தவ அவ."

அதை அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்கு அது போதவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு சாயங்காலம், மார்க்கெட் திடலில் சரக்கு ஏற்றாத கேரளா லாரிகள் ஓரமாக நின்றன. தரையில் முட்டைக்கோஸ் இலைகள் மிதிபட்டுக் கிடந்தன. விழாக் குழுத் தலைவர் வந்து கும்பிட்டார். "ஏனுங்க அம்மிணி, லண்டன்ல இருந்து வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. நம்ம ஊருக்கு ஒரு நல்ல பாட்டா வாசிச்சு உடுங்க." லீட்ஸ் என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

பாயின் பழைய கிடாரை எனக்குக் கொடுத்தார்கள். நான் மனப்பாடமாக வைத்திருந்த அதே பாட்டு. இடையிசை வந்ததும் ஜான்சி எனக்காக ஒதுங்கி நின்றாள். நான் ஆரம்பித்தேன்.

ஹெட்ஃபோனில் கேட்டதில் ஒன்றுகூட அங்கே இல்லை. தொடாத கம்பிகள் எல்லாம் தாமாக முனகின. மெல்ல வாசித்தே பழகிய கை பயத்தில் ஓங்கி அடித்தது. திடலின் கோடியில் கட்டிய ஸ்பீக்கரிலிருந்து நான் வாசித்ததே பிந்தி வந்து என்மேல் மோதியது. பத்துச் சுரமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கூழானது. தடுமாறி ஓர் அடி பின்னால் வைத்தேன், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் போய்விட்டேன், கிடார் ஊளையிட ஆரம்பித்தது. முன்வரிசையில் ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

ஜான்சி வாசிப்பதை நிறுத்தாமலே என் அருகில் வந்தாள். ஒரு கணம் கையை எடுத்து என் கிடாரின் திருகைக் குறைத்தாள். எனக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வந்து நின்றாள். ஊளை அடங்கியது. பிறகு அந்த மூன்றே சுரம். நீளமாக, அவசரமில்லாமல். திடல் முழுக்க அது போய்ச் சேர்ந்து அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்ததை வாசித்தாள். மூன்று சுரத்துக்கு மேல் அந்த இடம் தாங்காது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. என் ஹெட்ஃபோன் மைதானத்தில் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கூட்டம் இருவருக்குமாகக் கை தட்டியது. தலைவர் எனக்கும் ஒரு சால்வை போட்டார். வேனில் திரும்பும்போது ஜான்சி என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் காப்பாற்றாமல் விட்டிருந்தால் அவளைத் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன்.

5

மறுநாள் காலை விடைபெறப் போனேன். ஜான்சி முற்றத்தில் உட்கார்ந்து கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் இடப்பக்கமாகப் போய், "ஜான்சி, வாரேன்" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கம்பியையே முறுக்கிக்கொண்டிருந்தாள். கோபமாக இருக்கிறாளோ என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றதும் முகம் மலர்ந்து, "எப்படி வந்த? சத்தமே இல்ல" என்றாள்.

பதினைந்து வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறவள் நான். அவள் எப்போதும் வலக்காதில் போனை வைப்பது, பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, கச்சேரிக்குப் போகும்போது வேனில் இடப்பக்கம் உட்கார்ந்த பிரிட்டோவுக்குப் பதிலே சொல்லாதது எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தன.

"இடது காது எத்தன நாளா கேக்கல?"

அவள் உள்ளே பார்த்தாள். மாமியார் அடுப்படியில் இருந்தார். குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வருஷமாச்சு. கேக்காததுகூடப் பரவாயில்ல. எந்நேரமும் உள்ள ஙொய்ங்னு ஒரு சத்தம். கோயில்ல உக்காந்தாலும் அதான் கேக்குது. மதுரையில டாக்டர் பாத்துட்டு மேடைய விட்ருன்னாரு."

"பிரிட்டோகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்ல? பொம்பள கிடார்னுதான் நம்ம குழுவக் கூப்பிடுறாக. பின்னாடி டிரம்ஸ், பக்கத்துல பெட்டி, இம்புட்டு வருஷம். வீட்டுலயும் பெட்டியப் போட்டுத்தான் பழகுறேன். இது இல்லாட்டி நான் யாருடி?"

எனக்குள் முதலில் வந்தது இரக்கம் இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், தராசு சமமான மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அதைக் கண்டு நானே அஞ்சினேன். அதற்குப் பிறகுதான் எனக்குள் நர்ஸ் வந்தாள், அவளுக்குப் பிறகு தோழி வந்தாள்.

அன்றே அம்மா வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். ஜான்சியின் கிடாரை அதில் இணைத்தேன். மைதானத்தை எடுத்துவிட்டு, சின்ன அறையை வைத்தேன். ஹெட்ஃபோன் சத்தத்தை நன்றாகக் குறைத்து, அந்தத் திருகின் மேல் என் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். "இந்தக் கோட்டத் தாண்டினா மேடையும் இதுவும் ஒண்ணுதான். தாண்டாத. மேடையில இதக் காதுல அடைச்சுக்க" என்று ஆஸ்பத்திரியில் நாங்கள் வைத்துக்கொள்ளும் பஞ்சு அடைப்பான்களையும் கொடுத்தேன்.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு சுரத்தைத் தொட்டாள். கையை எடுத்துவிட்டாள். மறுபடி தொட்டாள். மாமியார் எட்டிப் பார்த்து, "ஏத்தா, கரண்டு இல்லையா? சத்தத்தையே காணோம்" என்றார். ஜான்சிக்கு அது கேட்கவில்லை. அவள் தலை குனிந்திருந்தது. விரல்கள் மேடையில் நான் பார்க்காத வேகத்தில், வேகமே இல்லாமல், கம்பிகளின் மேல் நடந்தன.

கழற்றியபோது, "நான் இம்புட்டு மெதுவா வாசிப்பேன்னு எனக்கே தெரியாது ரெஜி" என்றாள்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

6

இது நடந்து ஓராண்டாகிறது. பிரிட்டோவிடம் அவளே சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லையாம், டிரம்ஸை மேடையின் மறுகோடிக்கு மாற்றினாராம். கச்சேரிகளைக் குறைத்திருக்கிறார்கள். இரைச்சல் போகவில்லை, ஆனால் கூடவும் இல்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். போன காது திரும்பாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் புதுப் பெட்டி வாங்கவில்லை. கடைப் பக்கம் போனால் அமல் நின்று கண்ணாடிக்குள் பார்ப்பார், நான் நிற்காமல் நடப்பேன்.

போன வாரம் அவள் போன் செய்தாள். தினமும் காலையில் மாமியார் மார்க்கெட்டுக்குப் போன பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்கிறாளாம்.

"என்னடி வாசிக்கிற?" என்று கேட்டேன்.

"ஒண்ணு நானே போட்டேன். பாட்டுன்னு சொல்ல முடியாது. வந்துக்கிட்டே இருக்கு."

"ஹெட்ஃபோனக் கழட்டி இந்தப் போன்கிட்ட வச்சு வாசி. நான் கேக்கணும்."

"வேணாம் ரெஜி. மேடையில வாசிக்கிறது எல்லாருக்கும். இது எனக்கு. கோவிச்சுக்காத" என்றாள்.

கோபம் இல்லை என்றேன். போனை வைத்த பிறகு வயிறு எரிந்தது. அந்தப் பெட்டி இரண்டு வருடத்துக்கு மேல் என்னிடம் இருந்தது. அவ்வளவு காலமும் நான் அதில் ஜான்சியைத்தான் வாசித்தேன். எனக்கென்று ஒரு சுரம்கூட அதில் போட்டதில்லை. அவளுக்கு அது சில மாதங்களில் கிடைத்துவிட்டது. இந்தப் பொறாமைக்கு எந்தக் கடையில் போய் எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

நாளை எனக்கு டியூட்டி இல்லை. நிவியைப் பள்ளியில் விட்டு வந்ததும், கிடாரை எதிலும் சொருகாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். என்ன வருகிறதென்று பார்க்கலாம்.